இட்லியும் மாட்டுக்கறிக் குழம்பும்

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலேர்ந்து கோட்பாடு கேட்டுக் களைச்சுப் போயிருப்பீங்க. நான் தின்கிற விஷயம் பேசுறேன். முந்தின ராத்திரி வச்ச மாட்டுக்கறிக் குழம்பைச் சுண்டவச்சு, சுடச்சுட நாலு இட்லியைப் பிட்டுப் போட்டு ஊறவிட்டுத் தின்பதைப்போல ஒரு காலைச் சாப்பாடு எனக்கு வேற கிடையாது. ராத்திரி முழுக்கக் குழம்பு மேலே கொழுப்பு உறைந்து கிடக்கும். அடுப்பில் ஏற்றியதும் இளகும். தண்ணி தெளிச்சுத் துணியிலிருந்து உரிச்செடுத்த இட்லியின் லேசான புளிப்பு, அதன்மேல் கறியின் காரம். துண்டு கிடைக்காவிட்டாலும் சாறு போதும். இதுக்கு மேல வர்ணிச்சா கூட்டம் கலைஞ்சிரும்.

ஆனால் எங்கள் சேரியில் அன்றைக்கு இட்லி என்றால் தீபாவளிதான். மற்ற நாளெல்லாம் கூழ், பழைய சோறு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து வேணும். அரிசி கூலியாக வரும், உளுந்துக்கு எங்கே போவது? அறுப்புக்கு முந்தி ஈர வயலில் அந்த உளுந்தைத் தெளித்ததும் நாங்கள்தான், பிடுங்கிக் களம் சேர்த்ததும் நாங்கள்தான். சரி, உளுந்து கிடைத்தாலும் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்டணும். கருக்கலில் நடவுக்குப் போய் இருட்டினபிறகு வீடு திரும்புகிற பொம்பளைக்கு அதுக்கான நேரத்தை எந்தப் பண்ணையார் கொடுத்தான்? 2011இல் இலவச ரேஷன் அரிசியும் அரசு கிரைண்டரும் வந்தபிறகுதான் பல வீடுகளில் நினைத்த நாளில் இட்லி வெந்தது. இலவசம் என்று கிண்டலடித்தவர்கள் ஆட்டுக்கல்லைத் தொட்டவர்கள் இல்லை.

நம் உணவை மீட்கிறோம் என்று சில தோழர்கள் கூழை மட்டும் கொண்டாடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேற வழியில்லாமல் குடித்ததை நம் பண்பாடு என்று கும்பிட முடியாது. இட்லியும் நம்முடையதுதான்.

அதைச் சைவ ஓட்டலின் 'டிபன்' ஆக்கியது வேறு கதை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். நல்ல போராட்டம். ஆனா பலகையே இல்லாம கிராமத்து டீக்கடையில் தனிக் குவளை தொங்கியதே, அதன்மேல் அந்த வேகம் பாயவில்லை. அதற்கு நம் ஆட்கள்தான் அடிவாங்க வேண்டியிருந்தது.

தின்பது இருக்கட்டும், சமைக்கிற கை? பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அடுத்த மாசமே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில், சமைப்பவர் தலித் பெண் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அதிகாரிகளும் தலைவர்களும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்று காட்ட வேண்டியதாயிற்று. நட்டு, களை பறித்து, அறுக்கும்வரை தீட்டு இல்லை. உலை வைக்கும்போது மட்டும் வந்துவிடுகிறது.

எங்க தெருவில் ஒரு அக்கா இட்லிக் கடை போட்டிருக்கு. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் உண்டு. ஊர்த்தெரு இளவட்டங்கள் சிலபேர் விடியுமுன்னே இருட்டோடு வந்து தூக்குவாளியில் வாங்கிட்டுப் போறாங்க. "வெளிச்சத்துல வந்து பெஞ்சில உக்காந்து தின்னுங்கடா, காசே வேணாம்"னு அக்கா சொல்லியிருக்கு. இதுவரைக்கும் ஒருத்தனும் உட்காரல.