களனியின் கல்லுரல்கள்



மழைக்காலச் செய்தியறிக்கையில் 'கெனியன் நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன' என்று கேட்டிருப்பீர்கள். மஸ்கெலியா ஓயாவை மறித்த அணை அது. கெனியன் என்ற ஆங்கிலச் சொல் ஆறு அறுத்த செங்குத்துப் பள்ளத்தைக் குறிக்கும். சங்கப் பாட்டில் பழகிய என் காதுக்கு 'விடர்' என்ற சொல்லே போதும். மலைப்பிளவு என்பது அதன் பொருள்.

சொல்லைக் கேட்டதும் அரிசோனாப் பாலைநிலம் நினைவுக்கு வரும். அங்கே கொலராடோ ஆறு 446 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறையை அறுத்திருக்கிறது. சில இடங்களில் ஆழம் 1.6 கிலோமீற்றருக்கும் மேல். பள்ளத்தின் அடியில் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைகூட இல்லை. மறைக்க மரமும் இல்லை. ஆகவே பாறையின் அடுக்குகளை எவரும் பார்த்து நிற்கலாம்.

கித்துல்கலைக்கு வாருங்கள். அவிசாவளையிலிருந்து ஹற்றன் போகும் பஸ்ஸில் களனி கங்கை கூடவே வரும். விடர் மட்டும் கண்ணில் படாது. இந்த மேற்குச் சரிவில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரை எட்டும் இடங்கள் உண்டு. மழை பள்ளத்தை அறுக்கிறது. அதே மழை வளர்த்த காடு அதைப் போர்த்துவிடுகிறது. 1995இல் இந்தக் காட்டில் பறவையியலாளர் தீபால் வரகாகொட அறியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். 2001இல்தான், அதுவும் சிங்கராஜக் காட்டில், அதை அவர் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமென உலகறிய அறிவிக்கப்பட்டது.

ஆற்றின் கைவேலையைக் காண நீர் வற்ற வேண்டும். வற்றினால் பாறையெங்கும் வட்டக் குழிகள். சுழியில் அகப்பட்ட கூழாங்கல் நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று கடும்பாறையைக் குடைந்திருக்கிறது. நம் வீட்டு ஆட்டுக்கல் போலவே இருக்கும். சிலவற்றில் குழவியும் உள்ளே கிடக்கும்! அரைக்கத்தான் தண்ணீர் இல்லை.

தண்ணீர் எங்கே? மேலே காசல்ரீ, மவுசாகலை, லக்ஷபான, கெனியன் என்று வரிசையாக அணைகள். மவுசாகலை அணை 1969இல் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் அங்கிருந்த கோவிலின் எச்சங்கள் வெளியே தெரியும். ஜனங்கள் போய்க் கும்பிட்டு வருவார்கள். கித்துல்கலையில் ரப்பர் படகு விடும் இளைஞர்களுக்கோ மேலே மின்நிலையம் நீரை விட்டால்தான் அன்றைய பிழைப்பு. அண்மையில் 35 மெகாவாற் புரோட்லண்ட்ஸ் திட்டமும் சேர்ந்து, ஆற்றின் இன்னொரு துண்டு சுரங்கத்துக்குள் போய்விட்டது. மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இந்த ஒலிபெருக்கியே அதில்தான் இயங்குகிறது. ஆனால் வறண்ட குழிகளை உல்லாசப் பயணிக்கு 'இயற்கை அதிசயம்' என்று காட்டும்போது, அவற்றைக் குடைந்த நீரை நாம் எடுத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

படமெடுக்க வந்தவர்களும் இந்த மறைவைத்தான் விரும்பினார்கள். 1957இல் வெளியான டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக இந்த ஆறு சயாம் தேசத்து ஆறாக வேடமிட்டது. உண்மையான அந்தச் சயாம் ரயில் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டார்கள். படத்தில் அவர்களைத் தேட வேண்டாம்.

ஆற்றைவிட்டு மேலேறினால் பெலிலென குகை. 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல அங்கே அகழ்ந்தார். ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கு வாழ்ந்திருக்கிறார்கள். நகக்கண் அளவேயான கற்கருவிகள் கிடைத்தன. காட்டு வாழையும் கெக்குண விதையும் அவர்களுடைய உணவு. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: கடலுப்பு அங்கே வந்து சேர்ந்திருந்தது. அணையில்லாத அந்தக் கங்கையின் கரை பிடித்து, யாரோ ஒருவர் அதைச் சுமந்து மேலே நடந்திருக்கிறார்.