பழைய சுற்றை முதலில் அளப்போம்

அனலாக் சுற்றை நீக்கி டிஜிட்டல் சுற்றை அமைக்க விழையும் நாம், முதற்கண் பழையதை அளந்தறிதல் வேண்டும். 1972இல் வெளிவந்த 555 டைமர் ஐ.சி.யையே காண்போம். ஒரு மெகாஓம் மின்தடையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 விநாடி தாமதம் கிட்டும். "மைக்ரோகன்ட்ரோலருக்கு இது சில வரி வேலைதானே" என்பீர்கள். மெய்தான். ஆயின் 555, 12 வோல்ட்டில் இயங்கி, 200 மில்லியாம்பியர் வரை அளித்து, ரிலேயைத் தானே இயக்குகின்றது. மைக்ரோகன்ட்ரோலரின் கால் ஒன்றோ பெரும்பாலும் 20 மில்லியாம்பியர் அளவே தாங்கும். இடையே டிரான்சிஸ்டரும், ரிலேச் சுருளுக்குக் குறுக்கே டயோடும் வேண்டும். தாமதத்தை மட்டும் கணக்கிட்ட நாங்கள் இம்மின்னோட்டத்தை அளவாது விட்டோம். முதல் நாளிலேயே ஐ.சி. கெட்டது. பழைய பலகையை மீண்டும் பொருத்தி, அப்பொழுதுதான் மீட்டரைக் கையிலெடுத்தோம்.