கர்நாடகப் பெண்கள் கிரிக்கெட் குழுவும் நம் காலனிப் பெண்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, பொருள் இலக்கியமாக இருந்தால் சிறப்பு என்றார். நாம் மெட்ரிக்குலேஷன் வரையே படித்தோம். ரயில்வேயில் டிக்கெட் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் குமாஸ்தா. இலக்கியம் பேச இம்மேடையில் புலவர் பெருமக்கள் இருக்கின்றனர். நாம் ஓரளவு அறிந்தவை ரயிலும் கிரிக்கெட்டும்தாம். அவ்விரண்டும் கலந்த ஒரு வரலாற்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

கிரிக்கெட் என்றதும் தாய்மார்கள் சிலர் எழுந்திருக்க எண்ணுவதைக் காண்கிறோம். சற்று அமருங்கள், அம்மா! நாம் பேசப்போவது பெண்கள் ஆடும் கிரிக்கெட்டைப் பற்றி.

இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'கவுண்டி' என்று பெயர். கவுண்டிக்கு ஒரு குழு உண்டு, பெண்களுக்கும் தனிக்குழு உண்டு. நம் நாட்டில் அவ்விடத்தை வகிப்பவை மாநிலக் குழுக்கள். அவற்றுள் நமக்குச் சோறிடும் இந்தக் கர்நாடகத்தின் பெண்கள் குழுவைப் பற்றியே பேச விழைகிறோம்.

1973ஆம் ஆண்டில் லக்னோவில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு புனாவில் மாநிலங்களுக்கிடையே முதல் போட்டி நடந்தது. வந்த குழுக்கள் எத்தனை என்று எண்ணுகிறீர்கள்? மூன்றே மூன்று: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம். அதே ஆண்டின் இறுதியில் காசியில் நடந்த இரண்டாம் போட்டிக்கு எட்டுக் குழுக்கள் வந்தன. கல்கத்தாவில் நடந்த மூன்றாம் போட்டிக்குப் பதினான்கு. இவ்வளவு விரைவில் இத்தனை பெண்கள் எங்கிருந்து வந்தனர் என்று வியப்பாக இருக்கிறது. அவர்கள் முன்னரே ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்பார் இல்லை, அவ்வளவே.

அவர்களுள் ஒருவர் சாந்தா ரங்கசுவாமி. 1954ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, நம்மைப்போல் பெங்களூருக்கு உரியவராகிவிட்டவர். நம் நாட்டுப் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது டில்லியிலும் அன்று, பம்பாயிலும் அன்று. இதோ, நம் சின்னசாமி அரங்கில்! 1974 நவம்பரில் அவ்வரங்கில் ஆண்கள் முதல் டெஸ்ட் ஆடினார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1976 அக்டோபர் 31ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுப் பெண்களை எதிர்த்து இந்தியப் பெண்கள் அதே மண்ணில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் சாந்தா. அவ்வரிசையிலேயே பாட்னாவில் முதல் வெற்றியும் கிட்டியது. 1977 ஜனவரியில் நியூஸிலாந்தின் டனீடின் நகரில் அவர் 108 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியப் பெண் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் சதம் அது. அர்ஜுனா விருது பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே. கனரா வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1991 வரை டெஸ்ட் ஆடினார் என்பதை உத்தியோகஸ்தர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் அவர்கள் எவ்விதம் பயணம் செய்தார்கள் என்பதைச் சாந்தா அவர்களே பல முறை சொல்லியிருக்கிறார். முன்பதிவில்லாப் பெட்டியில்! கையில் படுக்கைச் சுருள். இறங்கிய ஊரில் ஏதேனும் ஒரு கூடத்தின் தரையில் படுக்கை. குழு முழுவதற்கும் மூன்று மட்டைகளே இருந்தனவாம். தொடக்க ஆட்டக்காரர் இருவரிடம் இரண்டு, அடுத்துக் காத்திருப்பவரிடம் ஒன்று. ஒருத்தி ஆட்டமிழந்து திரும்பும்போது நான்காமவள் எதிரே சென்று மட்டையை வாங்கிக்கொண்டு போவாளாம்.

முன்பதிவில்லாப் பெட்டி என்றால் என்ன என்பதை மற்றவர்களைவிட நாம் அறிவோம். சேலம் பாதையிலும் ஜோலார்பேட்டைப் பாதையிலும் பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் நீங்களும் அறிவீர்கள். கதவருகே ஒற்றைக்காலில் நின்று இரண்டு இரவுகள் சென்று, மூன்றாம் நாள் காலையில் வெயிலில் பந்து வீசுவதை எண்ணிப் பாருங்கள்!

சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது ஜன்னலுக்கு ஒரு பெண், தோளில் நீண்ட பையுடன், சலுகைப் படிவம் நீட்டினாள். பையைக் கண்டு, "தம்பிக்கா, அம்மா?" என்று கேட்டோம். அவள் சிரித்து, "எனக்குத்தான் சார்" என்றாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எம்மைப் பார்த்துத்தான்.

கர்நாடகக் குழுவின் பெருமையைக் கிண்ணங்களால் மட்டும் அளப்பதற்கில்லை. கிண்ணங்கள் வேண்டுமானால் எமது ரயில்வே குழுவைப் பாருங்கள். 2006-07 முதல் தேசிய ஒருநாள் கோப்பை பெரும்பாலான ஆண்டுகளில் அவர்கள் அலமாரிக்கே போயிற்று. டயானா எடுல்ஜி போன்றோர் போராடியதன் பயனாக ரயில்வே பெண்களுக்கு வேலை கொடுத்தது. மாதச் சம்பளம் உண்டென்றால் தகப்பனார் மகளை மைதானத்துக்கு அனுப்புவார். இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாகிய மிதாலி ராஜ் ஆடியதும் ரயில்வேக்கே. 2002இல் இங்கிலாந்தின் சாமர்செட் கவுண்டிக்குரிய டான்டன் மைதானத்தில் 214 ஓட்டங்கள் எடுத்தபோது அவருக்கு வயது 19.

கர்நாடகம் தந்தவை ஆட்டக்காரர்கள். மமதா மாபென், விக்கெட் காப்பாளர் கருணா ஜெயின் என்று பட்டியல் நீளும், நேரம் இல்லை. இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

ஹுப்ளி வண்டியில் சென்றால் அரசீகெரெ கடந்து, பீரூருக்கு முன்னால் கடூர் என்றொரு ஸ்டேஷன் வரும். வேதா கிருஷ்ணமூர்த்தியின் ஊர் அது. பயிற்சிக்காகச் சிறு வயதிலேயே பெங்களூர் வந்தவர். மற்றவர் விஜயபுரத்து ராஜேஸ்வரி காயக்வாட், இடக்கைச் சுழல் வீச்சாளர். 2017 உலகக் கோப்பையில், டெர்பி கவுண்டி மைதானத்தில் நியூஸிலாந்தை வென்றே தீரவேண்டிய நாள் வந்தது. வேதா 45 பந்துகளில் 70 ஓட்டங்கள் விளாசினார். ராஜேஸ்வரி 15 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இருவரும் கர்நாடகத்துக்கும் ஆடியவர்கள், ரயில்வேக்கும் ஆடியவர்கள். எமக்கு இரட்டை மகிழ்ச்சி. லார்ட்ஸில் நடந்த இறுதிப் பந்தயத்தில் 9 ஓட்டங்களில் தோற்றோம். ஊர் திரும்பிய ராஜேஸ்வரிக்குக் கார் பரிசளிக்க முன்வந்தார்கள். அவர், கார் வேண்டாம், குடும்பம் குடியிருக்க வீடு வேண்டும் என்றார். வாடகை வீட்டின் அருமை தெரிந்த நம் காலனியில் இதற்கு உரை தேவையில்லை.

பணம் வந்தது மிகப் பிந்தித்தான். 2005இல் உலகக் கோப்பை இறுதிவரை சென்ற குழுவுக்கு ஆட்டம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலி கூறியிருக்கிறார். பெண்கள் சங்கம் பெரிய வாரியத்துடன் இணைந்தது அதன் பின்னர்தான். 2022 அக்டோபரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று வாரியம் அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய். 2024இல் பெங்களூர்க் குழு பெண்கள் லீக் கோப்பையை வென்றபோது, நம் ஊர்ப் பெண் ஸ்ரேயங்கா பாட்டீல் இறுதிப் பந்தயத்தில் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தாள். (எடுத்தார் என்று எழுத வேண்டும், வயதைக் கண்டு நாக்கு அப்படிப் பழகிவிட்டது.)

பின்னர் 2025. ஜூன் 4ஆம் நாள் சின்னசாமி அரங்கின் வாயிலில் நெரிசலில் 11 உயிர்கள் மாண்ட துயரத்தை நாம் மறவோம். அதன்பின் இங்கு நடக்கவிருந்த பெண்கள் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நவி மும்பைக்கு மாறின. அங்கேயே நவம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று நம் பெண்கள் முதன்முறையாகக் கோப்பையைக் கைக்கொண்டனர். பெண்கள் டெஸ்ட் தொடங்கிய ஊரில் ஓர் ஆட்டமும் இல்லை. வென்ற குழுவில் கர்நாடகப் பெண் ஒருத்தியும் இல்லை, தமிழ்நாட்டுப் பெண்ணும் இல்லை. ஸ்ரேயங்கா காயத்தால் ஆடமுடியாமற் போயிற்று என்பது உண்மை. ஆனால் ஒரு பெண்ணின் விரலையும் காலையும் நம்பியா ஒரு மாநிலம் இருப்பது?

அன்றிரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு எம் தங்கை ஹொசூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். இதைச் சொல்வதற்காகத்தான் இன்று மேடையேறினோம்.

1999ஆம் ஆண்டு. தங்கைக்கு வயது பதினாறு. தெருவில் எங்களோடு பந்து வீசுவாள். எங்களில் பாதிப் பேருக்கு அவள் பந்து புரியாது. பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியை, தேர்வுக்கு மூன்று நாள் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. துணைக்குச் செல்ல வேண்டியவர் நாமே. ரயில்வே பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று சாக்குச் சொன்னோம். "வெயிலில் கறுத்துவிடுவாள், நாளை யார் கட்டிக்கொள்வார்?" என்று அப்பாவிடம் சொன்னதும் நாம்தான். அந்த மூன்று நாட்களும் நாம் மைதானத்தில் எம் தோழர்களோடு ஆடிக்கொண்டிருந்தோம். அதே ஜூன் மாதம், அதே பதினாறு வயதில், மிதாலி தம் முதல் சர்வதேச ஆட்டத்தில் அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114 எடுத்திருந்தார் என்பதைப் பிற்பாடு படித்தோம்.

தங்கை நன்றாகவே வாழ்கிறாள். தையல் ஆலையில் மேற்பார்வையாளர். அன்றிரவு அவள் பழையதைப் பேசவில்லை. தீப்தி சர்மா 39 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்ததில் எந்தப் பந்து எவ்வளவு மெதுவாக வந்தது என்றே அரை மணி நேரம் சொன்னாள். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று காலை நடந்த நம் சங்க விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலைப் பார்த்தோம். ஆண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்கு எலுமிச்சை–கரண்டி ஓட்டம், இசை நாற்காலி, கோலம். கோலத்தைக் குறை சொல்லவில்லை. காலனிக்குப் பின்னுள்ள மைதானத்தை ஞாயிறு காலை ஆறு முதல் எட்டுவரை பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம். அந்நேரம் ஆடிவரும் தம்பியர் எட்டு மணிக்குமேல் ஆடலாம். வெயில் அவர்களையும் கறுக்கச் செய்யட்டும்! பந்துக்கும் கம்புகளுக்கும் ஆகும் செலவைப் பொருளாளர் ஐயா மனமுவந்து அளிப்பார் என நம்புகிறோம். மட்டை இரண்டு நாம் வாங்கி வந்து, சங்க அலுவலகத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தங்கை மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து பந்துவீச்சுக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இதுவரை ஐந்து பெண்கள் பெயர் கொடுத்துள்ளனர். மற்றவர்கள் விழா முடிந்ததும், சாப்பாட்டுக்குப் போகுமுன், செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.