உறவும் கணக்கும்: உத்தரமேரூர் காட்டும் நெறி

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழம்பெருமை பேசுதல் நம்மனோர்க்கு மிக இனிது. ஆயினும், பழமையினின்று இன்றைக்கு வேண்டுவதொன்றை எடுத்துக் கொள்ளாவிடின் அப்பேச்சால் பயனில்லை. ஆதலின், காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூர் என்னும் வேளாண் பேரூரின் வரலாற்றில் ஒரு கூற்றினை மட்டும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அவ்வூர் பல்லவர் காலத்தே சிறந்து விளங்கியது. அதன் பேரேரிக்கு வயிரமேகத் தடாகம் என்பது பழம்பெயர். ஏரி நிறைந்தால் கழனி விளையும். ஏரி தூர்ந்தால் ஊரே வாடும். எனவே, ஏரியைக் காத்தல் அவ்வூரார் அனைவர்க்கும் உரிய பொதுக் கடனாயிற்று. பொதுக் கடனைச் சிலரிடம் ஒப்படைக்குங்கால் எழும் இடர்களை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்று, வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் விளங்கும் இரு கல்வெட்டுகளே இதற்குச் சான்றாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நடுவன் தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி, அவையோர் கேட்கப் படிப்பான். விரலை மடக்கினால் ஓலை மாறவுங்கூடும் என்னும் ஐயத்திற்கும் இடம் வைத்திலர். இங்ஙனம் தேர்ந்தோருள் 12 பேர் ஆண்டு வாரியமும், 12 பேர் தோட்ட வாரியமும், 6 பேர் ஏரி வாரியமும் ஆவர். அவர்கள் பணி 360 நாளோடு முடியும்.

இனி, தகுதியைப் பார்ப்போம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும்; தன் மனையில் தானே கட்டிய வீடு வேண்டும்; கல்வி வேண்டும்; வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் ஆகாது. இவையனைத்தினும் யாம் பெரிதாக மதிப்பது பிறிதொன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் ஓலைக்கு உரியரல்லர். அவர்தம் உறவினரும் உரியரல்லர். சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர், உடன்பிறந்தார், தந்தை, மகன், மருமகன் என அவ்வுறவினரை ஒவ்வொருவராக எண்ணிக் கல்லில் வெட்டினர். கணக்கெழுதுவோனும் தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவித்தல் வேண்டும். அதனை முடிக்க மற்றொருவனைக் கொணர்தல் ஆகாது.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? உறவினர் கூடி வாழும் ஊரில் கணக்குக் கேட்பது அரிது என்பதனாலேயே. மாமனிடத்து மருமகன் எங்ஙனம் கேட்பான்? கேட்டால் பகை, கேளாவிடின் கேடு. தனியொருவன் வாய்திறக்க நாணும் கேள்வியை ஊரே விதியாக்கிவிட்டால், கேட்பவனுக்குப் பழியில்லை, கேட்கப்படுபவனுக்கும் இழிவில்லை.

நிற்க. அவ்வூரை யாம் குறையற்றதென்று கூறோம். அச்சபையில் அமர்ந்தோர் மறைவல்ல அந்தணரே. ஏரியில் மண் சுமந்தவர்க்கும், கழனியில் நாற்று நட்ட பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலையில்லை. அக்குறையை நாம் மேற்கொள்ளல் தகாது. 1993-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளில் பெண்டிர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்கியது. நம் சங்கத்திலோ, தாய்மார்கள் கேட்போராக மட்டுமே அமர்ந்திருத்தலைக் காண்கின்றோம்.

அன்பர்காள்! நம் சங்கமும் உறவினர் கூடிய ஓர் ஊரே. நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஏழை மாணாக்கர் நிதிக்கென்று நம்மவர் ஈகின்றனர். அந்நிதியின் கணக்கைக் கேட்டால் பொருளாளர் மனம் புண்படுமே என்று பலர் வாளாவிருக்கின்றனர். ஒருவர் மீதும் யாம் ஐயுறவில்லை. ஆயினும், ஏரியில் வண்டல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே படியும்; படிவது கண்ணுக்குப் புலனாகாது; மழை பெய்தும் நீர் நில்லாத ஆண்டில்தான் ஊரார் அறிவர். பொதுப்பணத்தின் நிலையும் அத்தகையதே.

ஆதலின் மூன்று விதிகளை இவ்வவையின் முன் வைக்கின்றோம். பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டு இடைவிட்டே மீண்டும் வருதல் வேண்டும். கணக்கெழுதியவரே அதனைப் பொதுக்கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். நெருங்கிய உறவினர் இருவர் ஒரே காலத்தில் நிருவாகத்தில் அமர்தல் ஆகாது. நிருவாகத்திற்குப் பெயர் தருவதில் தாய்மார்களையும் விலக்கலாகாது என்பதனை இம்மூன்றற்கும் அடிப்படையாகக் கொள்க.

919-இல் வகுத்த விதி போதாதெனக் கண்டு, இரண்டே ஆண்டில் அதனைத் திருத்தினர் உத்தரமேரூரார். விதியைத் திருத்துதல் முன்னோரை இகழ்வதாகாது. அவர்கள் தொடங்கிய பணியைக் காப்பதேயாம். இவ்வாண்டே இவற்றை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு உங்களை வேண்டி அமைகின்றோம்.