பல் மருத்துவக் கல்வியும் நம் மாணவரும்

(சங்கத்தின் மரக்காணம் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பல்லுக்கு ‘எயிறு’ என்பது பழந்தமிழ்ப் பெயர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் கூடாது. ஊர்ப்பெயரில் நிற்பது மதிலைக் குறிக்கும் ‘எயில்’. எயிறாயின் எயிற்றுப்பட்டினம் என்றன்றோ வரும்! எனினும் ஊருக்கு மதில் எவ்வாறோ அவ்வாறே உடம்புக்குப் பல்வரிசை. உண்ணும் உணவும் உரைக்கும் சொல்லும் அதனைக் கடந்தே செல்கின்றன. அம்மதிலைக் காக்கும் கல்வியைப் பற்றி இன்று சில கூற விரும்புகின்றோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கக் குடும்பமொன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் பெண்ணொருத்தி பல் மருத்துவம் பயில விழைகின்றாள். தந்தையார் உப்பளத்தில் உப்பு வாருபவர். “பெரிய மருத்துவம் கிடைத்தால் படிக்கட்டும், ஐயா, பல் பிடுங்கும் படிப்பு நமக்கு எதற்கு?” என்பது அவர் வினா. தந்தையும் மகளும் ஒருங்கே எம்மிடம் வந்தனர். யாம் இருவர் பக்கமும் சாய்ந்திலேம். ஒரு தொழிலைப் பாராமலே இகழ்தல் தவறு. பாராமலே விரும்புதலும் தவறு. ஆகவே, முதலில் பல் மருத்துவம் என்பது யாது என்று காண்போம்.

1901ஆம் ஆண்டில் பிரெடரிக் மெக்கே என்னும் இளைஞர், பல் மருத்துவம் பயின்று முடித்த சிறிது காலத்தில், அமெரிக்காவிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தொழில் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்து வளர்ந்தோர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருக்கக் கண்டார். பன்றியிறைச்சியே காரணம் என்றனர் சிலர். கெட்ட பால் என்றனர் வேறு சிலர். மெக்கே எதனையும் உடனே நம்பினாரில்லை. வளர்ந்தபின் அவ்வூரிற் குடியேறினோர்க்குக் கறை இல்லாமையை நோக்கி, பல் உருவாகும் இளமைப் பருவத்தில் நேரும் தீங்கு இது எனத் தெளிந்தார். அக்கறைப் பற்கள் எளிதிற் சொத்தையாகாமையையும் கண்டு வியந்தார். குடிநீரின்மேல் ஐயங்கொண்டு பல ஊர்களில் ஆராய்ந்தார். 1931இல் சர்ச்சில் என்னும் வேதியியலறிஞர் அத்தகைய நீரில் புளோரைடு மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார். முப்பதாண்டு வினா அன்றே விடை பெற்றது.

இது எங்கோ நிகழ்ந்த செய்தி என்று எண்ணற்க. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், புளோரைடு மிக்க நீரால் மக்களின் பல்லும் எலும்பும் கெட்டமையை ஷார்ட் என்பவரும் அவர் துணைவரும் வெளியிட்டனர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் இத்துன்பத்தை நெடுங்காலம் நுகர்ந்தன. அதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைந்து 2013இல் தொடங்கப்பெற்றது.

தோழர்களே! நல்ல நீரும் தீய நீரும் கண்ணுக்கு ஒன்றே, கரைந்திருப்பதே வேறு. பாத்திதோறும் நீரின் பதம் பார்க்கும் நம்மவர்க்கு இவ்வுண்மையைப் பிறர் கூற வேண்டுவதில்லை. புளோரைடு சிறிதளவாயின் பல்லைக் காக்கும், மிகுந்தால் கெடுக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சுவிட்சர்லாந்தில் 1955 முதல் உப்பிலேயே அதனை அளவாகச் சேர்த்து விற்கலாயினர். ஆயின் நீரிலேயே அது மிகுந்த ஊர்க்கு அவ்வுப்பு நஞ்சாகும். எவ்வூர்க்கு எது தகும் என்பதை ஆராய்ச்சியே கூற வல்லது. உப்பு விளைக்கும் ஊர்ப் பிள்ளை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுதல் எவ்வளவு பொருத்தம்!

இனி வழியைக் கூறுவோம். பல் மருத்துவப் பட்டப் படிப்பு நான்காண்டுக் கல்வியும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் உடையது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தோன்றியது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு கல்லூரிகள் உள. இடம் பெற நீட் தேர்விற் தகுதி பெறல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு பள்ளியிற் பயின்றோர்க்கு, 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு இடம் தனியே உண்டு. இதனை நம் மீனவத் தெருக்களிலும் உப்பளத் தெருக்களிலும் அறியாதார் பலர்.

கல்லூரியிற் சேர்ந்த மாணவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுங்கால ஆராய்ச்சித் திட்டத்தை நாடலாம். ஆசிரியர் ஒருவரின் கீழ் இரண்டு திங்கள் ஒரே வினாவைப் பற்றி நின்று, நோயாளரைக் கண்டு, எண்களைக் குறித்து, முடிவை எழுதி அளிக்கும் பயிற்சி அது. அதன் பயன் சான்றிதழ் அன்று. கண்டது கண்டபடி எழுதும் நேர்மையும், விரும்பிய விடை வாராதபோது பொறுக்கும் பொறுமையும் தமக்கு உண்டா என்று மாணவர் தம்மைத் தாமே அறிதலே அதன் பயன்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தனியார் கல்லூரிக்காக நிலத்தையும் தாலிப்பொன்னையும் விற்றுப் பெருங்கடன் படுதல் கூடாது. பல் மருத்துவர் பெருகியுள்ள நகரங்களில் புதியவர் காலூன்றல் எளிதன்று. இதனையும் பெண்ணிடம் மறையாது கூறினோம்.

யாம் அந்தத் தந்தையார்க்குக் கூறிய யோசனை இது: விடுமுறையில் மகளை, இசைவு பெற்று, ஒரு பல் மருத்துவரிடம் சில நாள் சென்று பார்த்து வரச் செய்க. குருதியையும் குழந்தையின் அழுகையையும் கண்டபின்னும் அவள் விருப்பம் மாறாதாயின் தடுக்கற்க. அவர் தலையசைத்தார், இன்னும் விடை கூறவில்லை.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய மாணவர் சென்று பார்த்து வரும் வழிச்செலவையும், பெண்பிள்ளைகளுடன் செல்லும் தாயார் ஒருவரின் செலவையும் கல்வி நிதியினின்று அளித்தல் வேண்டும். திருமணப் பந்தலில் ஒரு வேளை ஆகும் செலவில் இஃது ஒரு சிறு பகுதியே. ஆயின் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்து தன் வழியைத் தேர்தற்கு இதுவே போதும்.