பிள்ளை கேட்கிற பைக்கும், நம் பேரில் இருக்கிற ஆர்.சி. புக்கும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சேமிப்பு, சந்தா பற்றிப் பேசப்போவதில்லை. கொஞ்ச நாளாகக் குழுக்களில் வருகிற கடன் மனுக்களைப் பார்த்து வருகிறோம். மனுவில் "கறவை மாடு" என்றும் "தையல் மெஷின்" என்றும் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மாடும் இல்லை, மெஷினும் இல்லை. வாசலில் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் நிற்கும். அதுவும் சும்மா பைக் இல்லை. குனிந்து படுத்து ஓட்டுகிற ரேஸ் பைக். ஓட்டுகிறவனுக்கு வயது பதினாறோ பதினேழோ.

பெற்றவர்களை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் போய், நாள் பூராவும் ஷூவுக்கு மேல் தோல் தைத்துவிட்டு, இருட்டினபிறகு வீடு வருகிறோம். பிள்ளை முகத்தைப் பார்க்கிற நேரமே கொஞ்சம். அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்து ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல மனசு வருமா? அம்மா என்று கூப்பிட்டாலும் சரி, அம்மி என்று கூப்பிட்டாலும் சரி, எல்லா வீட்டிலும் இதே கதைதான். "வாங்கித் தரலைன்னா காலேஜுக்குப் போகமாட்டேன்" என்கிறான். "அவங்க வீட்ல வாங்கிக் குடுத்திருக்காங்க" என்கிறான். நாமும் யோசிக்கிறோம்: புதுசு லட்சக்கணக்கில் ஆகுமே, பழசு அறுபதாயிரத்துக்குக் கிடைக்குதே, குழுவில் கேட்டுப் பார்ப்போம் என்று.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறோம். நம் ஊரில் நிறைய ஓடுகிற ஸ்ப்ளெண்டர் வண்டியின் இன்ஜின் நூறு சி.சி.க்குக் கொஞ்சம் கீழே. அதன் சக்தி சுமார் எட்டுக் குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012-இல் இந்தியாவுக்கு வந்த கே.டி.எம். டியூக் 200 வண்டிக்கு இருபத்தைந்து குதிரை. மூன்று ஸ்ப்ளெண்டர் சேர்ந்த இழுப்பு ஒரே வண்டியில். எடையோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினாலே வண்டி பாய்ந்துவிடும். இருபது வருஷம் வண்டி ஓட்டினவர்களே அதைப் பயந்து பிடிக்கிறார்கள். சைக்கிளில் இருந்து இறங்கி நேராக அதில் ஏறுகிற பையனிடம் கொடுக்கலாமா? குதிரை ஓட்டப் பழகுகிறவனை யாராவது முதல் நாளே பந்தயக் குதிரையில் ஏற்றுவார்களா?

நம் பக்கத்தில் ரோடும் அப்படி. ஊரை ஒட்டியே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. இந்தப் பக்கம் ஏலகிரி மலை. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பேர் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் புலவர் பேர் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எந்த வளைவில் எவ்வளவு சாய்க்கலாம் என்பது மட்டும் மனப்பாடம்.

போனில் பார்க்கிற வீடியோதான் இதற்கெல்லாம் வாத்தியார். டி.டி.எஃப். வாசன் பேரைச் சொன்னால் வீட்டில் இருக்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி அவர் விழுந்தது இதே நெடுஞ்சாலையில்தான், காஞ்சிபுரம் பக்கம் தாமல் அருகே. முன் சக்கரத்தைத் தூக்கப் போய் வண்டி தூக்கியடித்தது. கை முறிந்தது. போலீஸ் கைது செய்தது. 2033 வரைக்கும், பத்து வருஷத்துக்கு, லைசென்ஸ் போச்சு. அவர் உயிர் பிழைத்ததற்குக் காரணம், உடம்பு பூராவும் பாதுகாப்பு உடை, நல்ல ஹெல்மெட். நம் பிள்ளை ரப்பர் செருப்பும் லுங்கியுமாகப் போகிறான்.

இன்னொரு கதை பெரிய இடத்துக் கதை. 2024 மே 19-ஆம் தேதி விடியற்காலை, புனே நகரத்தில் பதினேழு வயசுப் பையன் ஒருவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன ஒரு பெண்ணும் ஒரு பையனும் செத்துப்போனார்கள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள். கோடிக்கணக்கில் விலை போகிற கார் அது. ஆனால் பதிவுக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லாத தொகை, அதைக் கட்டாததால் நிரந்தரப் பதிவே ஆகவில்லை. பையனுக்கு முதலில் முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. அப்புறம் அப்பாவைக் கைது செய்தார்கள். பிள்ளையின் ரத்தத்துக்குப் பதிலாகத் தன் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தார் என்று தாயையும் கைது செய்தார்கள். அந்தத் தாயை நினைத்தால் நமக்குக் கோபமும் வருகிறது, வயிறும் கலங்குகிறது.

"அதெல்லாம் கோடீஸ்வரன் வீட்டு விஷயம், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். சட்டம் கார் வைத்திருப்பவனுக்கு ஒன்று, பைக் வைத்திருப்பவனுக்கு ஒன்று என்று இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ குற்றவாளி. மூன்று வருஷம் வரை ஜெயில், இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயசு ஆகிறவரை லைசென்ஸ் கிடையாது. டிரைவர் வேலைக்குப் போகலாம், டெலிவரி வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிற பிள்ளைக்கு அதோடு கதவு சாத்தியாச்சு. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நாம். சாவியை நாமே ஆணியில் மாட்டி வைத்துவிட்டு எப்படி நிரூபிப்பது?

பதினாறு வயசில் லைசென்ஸ் உண்டே என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு. கியர் இல்லாத, ஐம்பது சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், பெற்றவர் சம்மதத்தோடு. ரேஸ் பைக்குக்கு அது செல்லாது. கியர் வண்டிக்குப் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டித்தான் லைசென்ஸ்.

இப்போது ஆர்.சி. விஷயத்துக்கு வருகிறோம். இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

பையனுக்கு வயசு ஆகவில்லை என்றால் புரோக்கர் என்ன சொல்கிறார்? "அம்மா பேர்ல போட்டுடலாம்" என்கிறார். நாமும் கையெழுத்துப் போடுகிறோம். நமக்கு வண்டி ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது, ஆனால் வண்டி நம் பேரில். நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால் வழக்கில் முதல் பேர் நம்முடையது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தால், கோர்ட் சொன்னபடி கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை நம்மிடம் திருப்பி வாங்க வரும். லட்சக்கணக்கில் வரும். குழுவில் வருஷக்கணக்காகச் சேர்த்தது ஒரே நாளில் போய்விடும்.

இன்னொன்று. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. செகண்ட் ஹேண்ட் வண்டிக்குப் பெரும்பாலும் "தேர்ட் பார்ட்டி" இன்ஷூரன்ஸ் மட்டும் போடுவார்கள். விலை குறைவு. 2022-இல் அறிவித்த கணக்குப்படி ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு வருஷத்துக்கு 714 ரூபாய், டியூக் மாதிரி வண்டிக்கு 1,366 ரூபாய், வரி தனி. அந்த இன்ஷூரன்ஸ் நம் வண்டி இடித்த வெளியாளுக்குத்தான். வண்டி ஓட்டுகிற நம் பிள்ளைக்கு அதில் ஒரு பைசா இல்லை. பின்னால் உட்கார்ந்து போகிற தங்கச்சிக்கும் இல்லை. சொந்தக்காரருக்கென்று பதினைந்து லட்சம் ரூபாய் விபத்துப் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் சொந்தக்காரரே ஓட்டியிருக்க வேண்டும், அவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டி அம்மா பேரில், ஓட்டினது மகன் என்றால் அதுவும் கைக்கு வராது. அதனால்தான் சொல்கிறோம்: பதினெட்டு ஆகட்டும், லைசென்ஸ் வரட்டும், வண்டி அவன் பேரிலேயே இருக்கட்டும். இன்ஷூரன்ஸும் அவன் பேருக்கு மாறட்டும். வாங்கிய பதினான்கு நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பணம் கொடுத்து வண்டியை எடுத்து வந்துவிடுவோம், பேர் மாற்றமாட்டோம். விற்றவர் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அதைப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். டில்லி உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு கார் அடுத்தடுத்துப் பல கை மாறியது, யாரும் பேர் மாற்றவில்லை. கடைசியில் வைத்திருந்தவரிடம் இருந்தபோது விபத்து நடந்து ஒரு உயிர் போயிற்று. யார் பணம் கட்டுவது? ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அவர்தான் கட்ட வேண்டும் என்றது கோர்ட். வாங்குகிறவர் மட்டும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை இது, விற்கிறவரும் பயப்பட வேண்டும். பழைய டி.வி.எஸ். வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேரோ!

சரி, பையனுக்குப் பதினெட்டு முடிந்தது, லைசென்ஸும் இருக்கிறது, வேலைக்குப் போக வண்டி வேண்டும்தான் என்றால் எப்படிப் பார்த்து வாங்குவது?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். பாலீஷ் போட்டால் எந்த வண்டியும் மின்னும். நம் ஊரில் தோலைக் கையில் எடுத்ததும் திருப்பி உள்பக்கத்தைப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி வண்டியிலும் உள்பக்கம் பார்க்க வேண்டும். வீட்டுப் பையனையும் அவன் சிநேகிதனையும் மட்டும் அனுப்பாதீர்கள், அவர்களுக்கு வண்டியைப் பார்த்ததும் கண் மறைந்துவிடும். வயசான மெக்கானிக் ஒருவருக்கு நூறு, இருநூறு கொடுத்துக் கூட்டிப் போங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைத் தின்கிறது என்று அர்த்தம், செலவு பெரிசு. முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிகிறதா, வண்டியைத் தள்ளிவிட்டால் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் எங்கேயோ விழுந்து எழுந்த வண்டி. ரேஸ் பைக் என்றால் பெரும்பாலும் விழுந்து எழுந்ததாகத்தான் இருக்கும், அதுவும் ஒரு உண்மை. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் அச்சடித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடு. அந்த வண்டிகளுக்குப் பின் டயர் அகலம் 140, 150 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டருக்கு 80தான். விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி.

இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஆர்.சி.யில் உள்ளதை ஒத்துப் பாருங்கள். சேஸ் நம்பரைத் தேய்த்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், திருட்டு வண்டியாக இருக்கலாம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருந்தால் கடன் முடிந்த கடிதமும் ஃபார்ம் 35-உம் வேண்டும். இல்லாவிட்டால் நாம் பணம் கொடுத்த பிறகு கம்பெனிக்காரர் வந்து வண்டியைத் தூக்கிப் போவார். பெங்களூரிலிருந்து மலிவாக வருகிற கே.ஏ. நம்பர் வண்டிக்கு அந்த ஊர் என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரி தனியாகக் கட்ட வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

கடைசியாகக் கணக்கு. அறுபதாயிரம் ரூபாய் குழுக் கடன், மாதம் இரண்டு வட்டி, இரண்டு வருஷம் என்று வைப்போம். அசல் மாதம் 2,500. முதல் மாத வட்டி மட்டும் 1,200. குறைந்துகொண்டே வந்து மொத்த வட்டி 15,000 ஆகிறது. அறுபதாயிரம் வண்டி எழுபத்தைந்தாயிரம். பெட்ரோல் தனி. மாடு வாங்கியிருந்தால் பாலில் இருந்து தவணை கட்டுவோம். பைக் பால் கறக்காது. தவணை நம் கம்பெனிச் சம்பளத்திலிருந்துதான் போகும். நாம் கட்டாவிட்டால் குழுவில் மற்ற பதினோரு பேரும் சேர்ந்து கட்ட வேண்டிவரும், அதற்கப்புறம் அந்தக் குழு கூடி உட்காருமா என்பதே சந்தேகம்.

எனவே கூட்டமைப்பில் பேசி இப்படி வைத்திருக்கிறோம். வண்டிக்குக் கடன் வேண்டுமென்றால் வண்டிக்கு என்றே மனு எழுதுங்கள், மாட்டு மேல் பாரம் போடாதீர்கள். மனுவோடு பிள்ளையின் லைசென்ஸ் ஜெராக்ஸ் வேண்டும். வண்டி நூற்றிருபத்தைந்து சி.சி.க்குள் இருக்க வேண்டும். கடன் தொகையில் இரண்டு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டும் முழு இன்ஷூரன்ஸும் அடங்கும். பேர் மாறின ஆர்.சி.யை ஒரு மாதத்துக்குள் குழுவில் காட்டித் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். இதில் ஏதாவது கூடுதல், குறைச்சல் என்று தோன்றினால் உங்கள் குழுவில் பேசி எழுதி அனுப்புங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற வண்டிகளின் நம்பரையும், முன்னால் விற்ற வண்டிகளின் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி வாருங்கள். எம்-பரிவாஹன் என்ற ஆப்பில் போட்டுப் பார்த்தால் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். விற்ற வண்டி இன்னும் நம் பேரில் இருக்கிறதோ என்று சந்தேகம் உள்ளவர்கள், பெரிய போன் வைத்திருக்கிற தங்கச்சிகள் இரண்டு பேரோடு பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் அங்கேயே எழுதிவிடுவோம்.