குடும்ப வைத்தியரும் சிறு குழுக் கல்வியும்



பேராதனை வைத்திய பீடம் 1962இல் தோன்றியது. அதன் மாணாக்கர் கண்டி ஆசுபத்திரியில் கடும் நோய்களைக் காண்கின்றனர். ஆனால் நம்மிற் பலர் குடும்ப வைத்தியரை நாடுவது இருமல், தலைவலி, ஓயாத களைப்புக்கே. இவ்வைத்தியம் விரிவுரையால் மட்டும் வருவதன்று. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969 முதல் சிறு குழுக் கல்வியைக் கைக்கொண்டது. சிலர் கூடி, ஒரு நோயாளியின் கதையை ஆராய்ந்து, தெரியாததைத் தேடிக் கற்று, மீண்டும் கூடுவர்.

தோட்டத்துத் தாயொருத்தி களைப்பென்று மட்டும் சொன்னால், இரத்தக் குறைவா, சர்க்கரையா, மனத்துயரா? ஒருவர் மறந்த கேள்வியை மற்றவர் கேட்பார். அவள் தமிழ் புரியாதவர், புரிந்த தோழரிடம் கற்பார்.

வைத்தியத்தை நான்காக வகுத்த வள்ளுவர் நோயாளியையே முதலில் வைத்தார். நாமும் முதலில் அவர் சொல்வதைக் கேட்கப் பழகுவோமாக!